கையை விட்டுப் பார்க்க ஒரு விண்வெளிக் கையுறைக் கூடு

கண்காட்சியில் மாதிரி விண்வெளிக் கையுறை ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால், பார்க்க வருகிற பிள்ளை அரை நிமிடம் நின்றுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடும். வெள்ளைத் துணி, நீல விரல்நுனி, ஒரு வளையம். கண்ணுக்கு அவ்வளவுதான் தெரியும். அதைப் போட்டுக்கொண்டு ஒரு நட்டைத் திருகுவது ஏன் அத்தனை பாடு என்பது கைக்குத்தான் தெரியும். அதனால், பாடசாலைக் கண்காட்சிக்கு என்ன செய்யலாம் என்று யார் கேட்டாலும், கையை உள்ளே விடக்கூடிய கூடு ஒன்றைச் செய்யுங்கள் என்றே சொல்கிறேன். கொழும்பில் கிடைக்கிற சாமான்களே போதும். இரண்டு மூன்று வார இறுதிகள் தேவைப்படும்.

விண்வெளியில் நடப்பது இது. உடைக்குள் வளி இருக்கிறது, வெளியே ஒன்றுமில்லை. அப்போலோ உடைக்குள் அமுக்கம் ஏறக்குறைய 26 கிலோபஸ்கால். சர்வதேச விண்வெளி நிலையத்தில் பயன்படும் அமெரிக்க உடையில் ஏறக்குறைய 30. நம்மைச் சுற்றியுள்ள வளிமண்டல அமுக்கத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் அதற்கே கையுறை ஊதிய பலூன்போல விறைத்துவிடும். விரலை மடக்கினால் உள்ளே இருக்கும் இடம் குறையும். இடம் குறைந்தால் வளியை நசுக்க வேண்டும். ஒவ்வொரு மடக்கலுக்கும் கை வேலை செய்வது அந்த வளியோடுதான். 1965 மார்ச் 18 அன்று முதன்முதலாக விண்ணில் நடந்த அலெக்சி லியோனொவ், உடை ஊதிப்போய் விரல்கள் கையுறையின் நுனியை விட்டு விலகிவிட்டதால், உடையின் அமுக்கத்தைத் தானே குறைத்துக்கொண்டுதான் கலத்துக்குள் திரும்ப முடிந்தது.

நம் கூட்டில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். கையுறைக்குள் இருப்பது அறையின் சாதாரண வளி. கையுறையைச் சுற்றியுள்ள கூட்டிலிருந்துதான் கொஞ்சம் வளியை உறிஞ்சி எடுக்கிறோம். கைக்கு இரண்டும் ஒன்றே. நாசா 2007இல் கையுறைப் போட்டி நடத்தியபோதும் இப்படி அமுக்கம் குறைத்த பெட்டிக்குள் கையை விட வைத்துத்தான் சோதித்தார்கள். அதில் 200,000 டொலர் வென்ற பீட்டர் ஹோமர் தன் கையுறையை வீட்டிலேயே தைத்தவர். வீட்டில் தைத்துப் பார்க்கப் போகிறவர்களுக்கு அதைவிடத் தெம்பு தரும் செய்தி எனக்குத் தெரியாது.

எவ்வளவு உறிஞ்சுவது?

10 கிலோபஸ்கால். அதற்கு மேல் வேண்டாம். உண்மையான கையுறையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான் இது, ஆனாலும் விரல்கள் தெளிவாக உணரும். ஒரு மீற்றர் நீர்நிரலின் அமுக்கம் ஏறத்தாழ இதே அளவு. இந்த ஒரு மீற்றரை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

10 என்பது சின்ன எண்ணாகத் தெரியும். முதல்முறை செய்கிற பலர் ஏமாறுவது இங்கேதான். 315 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு வட்டத் தகட்டின்மேல் 10 கிலோபஸ்கால் என்றால் ஏறக்குறைய 79 கிலோ எடை. நல்ல வாட்டசாட்டமான ஒருவர் அந்தத் தகட்டின்மேல் ஏறி நிற்பதற்குச் சமம். வீட்டு வக்யூம் கிளீனர் ஒன்று முழு மூச்சில் இழுத்தால் 20 கிலோபஸ்கால்வரை போகலாம். அப்போது அதே தகட்டில் இரண்டு பேர். மீன்தொட்டியைக் கவிழ்த்துக் கூடாக்கலாமா என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டார். கூடவே கூடாது. மீன்தொட்டிக் கண்ணாடி உள்ளே வெடித்தால் அதற்குள் இருப்பது ஒரு பிள்ளையின் கை. ஜன்னல் கண்ணாடி, படச்சட்டக் கண்ணாடி எதுவும் இந்த வேலைக்குள் வரக்கூடாது.

குழாயும் இரண்டு முகங்களும்

வெளியிலிருந்து வரும் அமுக்கத்தை உருளை நன்றாகத் தாங்கும், தட்டைப் பக்கங்களுள்ள பெட்டி அப்படித் தாங்காது. ஆகவே உடலுக்குத் தடித்த பி.வி.சி. நீர்க்குழாய். 315 மில்லிமீற்றர் விட்டம், 60 சென்ரிமீற்றர் நீளம், சுவர்த் தடிப்பு 7 மில்லிமீற்றருக்குக் குறையாமல். முழுக் குழாய் வாங்கத் தேவையில்லை. குழாய் பதிக்கும் வேலைத்தளங்களில் வெட்டி எறிந்த துண்டு கிடக்கும், மேற்பார்வையாளரிடம் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். மெல்லிய கழிவுநீர்க் குழாயை எடுத்துவிடாதீர்கள். வெட்டுமுகத்தில் அளவுகோலை வைத்துத் தடிப்பைப் பார்த்தே எடுங்கள்.

இரண்டு விளிம்புகளும் சமமாக இருக்க வேண்டும். தட்டையான ஒரு டைல்ஸ் தரையில் மண்தாளை ஒட்டி, குழாயை நிமிர்த்திப் பிடித்து, வட்டமாகத் தேயுங்கள். விளிம்பு முழுக்கப் பென்சிலால் கோடுபோட்டுவிட்டுத் தேய்த்தால், கோடு எங்கே அழியாமல் நிற்கிறதோ அங்கே பள்ளம். கோடு முழுவதும் போகும்வரை தேயுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இங்கே செலவழிக்கும் ஒரு மணித்தியாலம் பின்னால் ஒழுக்குத் தேடும் ஒரு நாளை மிச்சப்படுத்தும்.

பார்வை முகத்துக்கு 12 மில்லிமீற்றர் பேர்ஸ்பெக்ஸ், அதாவது கண்ணாடிபோலத் தெளிவான அக்ரிலிக் பிளாஸ்டிக் தகடு. 40 சென்ரிமீற்றர் சதுரமாக வெட்டித் தரச்சொல்லுங்கள். பெயர்ப்பலகை செய்பவர்களிடம் இந்தத் தடிப்பு கிடைக்கும். இரு முகங்களையும் இணைக்கும் திருகுக் கம்பிகளுக்காக நான்கு மூலைகளிலும் துளை, குழாய்க்கு வெளியே வரும்படி. துளையைக் கம்பியைவிட 2 மில்லிமீற்றர் பெரிதாக, மெதுவான வேகத்தில் போடுங்கள். அவசரப்பட்டால் விளிம்பில் மயிரிழை வெடிப்பு விழும், பாரம் ஏறும்போது அது ஓடும். இன்னொன்று: பேர்ஸ்பெக்ஸை ஸ்பிரிட்டாலோ தின்னராலோ துடைக்கவே கூடாது. இழுவிசையில் நிற்கும் பேர்ஸ்பெக்ஸில் அவை பட்டால் நுண்ணிய வெடிப்புகள் கிளம்பும். சவர்க்காரத் தண்ணீரும் மெல்லிய பருத்தித் துணியும் போதும்.

கை நுழையும் முகத்துக்கு 18 மில்லிமீற்றர் மரைன் பிளைவூட், அதே 40 சென்ரிமீற்றர் சதுரம். நடுவில் 110 மில்லிமீற்றர் பி.வி.சி. குழாய் இறுக்கமாக நுழையும் துளை. 12 சென்ரிமீற்றர் நீளத் துண்டொன்றை அதில் செருகி, 8 சென்ரிமீற்றர் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்படி அரால்டைட்டால் ஒட்டுங்கள். இதுதான் மணிக்கட்டு வளையம். பிளைவூட்டின் ஓரங்களையும் துளையின் உட்சுவரையும் மூன்று பூச்சு வார்னிஷ் அடித்து மூடுங்கள். பலகையின் அடுக்குகளுக்கு இடையால் வளி நடக்கும் என்பதை நான் முதல் கூட்டில் கவனிக்கவில்லை. ஒழுக்கு எங்கே எங்கே என்று இரவு முழுக்கத் தேடினேன்.

முகத்துக்கும் குழாய்க்கும் இடையில் 3 மில்லிமீற்றர் இறப்பர்த் தகட்டில் வெட்டிய வளையம். பஞ்சிகாவத்தை வாகன உதிரிப்பாகக் கடைகளில் கேஸ்கெட்டுக்கென்று இந்தத் தகடு வைத்திருப்பார்கள், ஹோஸ் கிளிப்புகளையும் அங்கேயே எடுத்துவிடலாம். நான்கு மூலைகளையும் இணைக்கும் நீளத் திருகுக் கம்பிகள், நட்டுகள், வால்வுகள் எல்லாம் பழைய சோனகத் தெருவிலும் குவாரி வீதியிலும். நட்டுகளைக் கையால் இறுக்கினால் போதும். வளி குறையத் தொடங்கியதும் வெளி அமுக்கமே முகங்களைக் குழாயோடு சேர்த்து அழுத்திவிடும்.

மூன்று துளைகள்

குழாயின் சுவரில் மூன்று பெரிய வழிகள் வேண்டும் (பின்னால் வரும் இரண்டு சின்ன ஹோஸ்களுக்கான சின்னத் துளைகள் இவற்றில் சேராது). வக்யூம் கிளீனரின் ஹோஸ் வந்து பொருந்துவதற்கு ஒன்று. உள்ளே இருக்கும் சின்னச் சாமான்கள் இழுபட்டுப் போகாமல் அதன் உள்வாயில் கம்பிவலை ஒட்டுங்கள். இரண்டாவது, ஓர் அங்குல போல் வால்வ் (ball valve), கைப்பிடியைத் திருப்பித் திறந்து மூடும் வகை. இது வெளிவளியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுவதற்கு. சாதாரண வக்யூம் கிளீனரின் மோட்டார் தான் இழுக்கும் வளியாலேயே குளிர்கிறது. வாயை முழுக்க அடைத்து ஓடவிட்டால் சூடேறி எரிந்துவிடும். ஆகவே முதல் ஓட்டத்தில் வரும் ஒரு நிமிடச் சோதனையைத் தவிர, வால்வ் எப்போதும் ஓரளவு திறந்திருக்க வேண்டும். ஈரமும் உலர்வும் இழுக்கிற வேலைத்தள வகையில் பலவற்றில் மோட்டாருக்குத் தனிக் குளிர்வழி இருக்கும். அது கிடைத்தால் அதையே எடுங்கள்.

மூன்றாவது துளை உயிர்வழி. 63 மில்லிமீற்றர் விட்டத்தில் ஒரு துளை, அதில் கூம்பு வடிவ இறப்பர் அடைப்பான், அடைப்பானில் தடித்த கயிறு. ஏதாவது பிழைத்தால் பக்கத்தில் நிற்பவர் கயிற்றை ஒரே இழுவையாக இழுப்பார். 10 கிலோபஸ்காலில் அதற்கு மூன்று கிலோ அளவு விசைதான் வேண்டும், ஒரு கணத்தில் கூடு பழைய நிலைக்கு வந்துவிடும். இந்தக் கயிற்றைப் பிடிக்க ஆள் இல்லாத நேரத்தில் கூட்டை இயக்க வேண்டாம். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

சரி, 10ஐ எப்படித் தாண்டாமல் வைத்திருப்பது? அந்த ஒரு மீற்றர் தண்ணீர் இங்கேதான் வருகிறது. 63 மில்லிமீற்றர் பி.வி.சி. குழாய் ஒன்றை 1.4 மீற்றருக்கு வெட்டி, அடியை மூடி நிமிர்த்துங்கள். மேல்மூடியில் இரண்டு துளை. ஒன்றில் சின்ன ஹோஸ், அது கூட்டுக்குப் போகும். மற்றதில் 20 மில்லிமீற்றர் குழாய்: மேல்முனை அறைக்குத் திறந்திருக்கும், கீழ்முனை தண்ணீருக்குள் சரியாக ஒரு மீற்றர் ஆழத்தில் நிற்கும். மேலே முப்பது சென்ரிமீற்றர் வெறுமையாக இருக்கட்டும், தண்ணீர் தெறித்துக் கூட்டுக்குள் போகாது. கூட்டின் அமுக்கம் 10 கிலோபஸ்கால் குறைந்ததும் வெளிவளி அந்தக் குழாயின் கீழ்முனையால் குமிழியிட்டு உள்ளே வரும். நெஞ்சுக்கூட்டில் குழாய் வைத்த நோயாளிகளின் படுக்கையருகே உறிஞ்சும் அளவைக் கட்டுப்படுத்த வைக்கும் போத்தலும் இதே முறையில் வேலை செய்கிறது. மின்சாரம் வேண்டாம், ஸ்பிரிங் வேண்டாம், பழுதாக ஒன்றுமில்லை.

ஆனால் மெல்லிய குழாயால் வக்யூம் கிளீனரின் முழு இழுவைக்கும் ஈடுகொடுக்க முடியாது. முதலில் போல் வால்வை முழுக்கத் திறந்து கிளீனரைப் போடுங்கள். வால்வை மெல்ல மெல்ல மூடிக்கொண்டு வந்தால் ஒரு கட்டத்தில் நீர்க்குழாயிலிருந்து “களக், களக்” என்று சத்தம் கேட்கும். அங்கே நிறுத்தி, கைப்பிடி அதற்கு மேல் மூடாதபடி பக்கத்தில் ஒரு திருகாணியைத் தடையாக முடுக்கிவிடுங்கள். அப்புறம் எந்த அவசரக்காரர் திருப்பினாலும் அந்த இடத்தைத் தாண்டாது.

அளவு காட்ட, தெளிவான பிளாஸ்டிக் ஹோஸ் ஒன்றைக் கூட்டிலிருந்து கதவு உயரத்துக்கு மேலே ஏற்றி, பிறகு கீழே இறக்கி, சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர்ப் பாத்திரத்தில் விடுங்கள். கிளீனரைப் போட்டதும் சிவப்பு நீர் ஹோஸில் ஏறும். பின்னால் பத்துப் பத்துச் சென்ரிமீற்றருக்குக் கோடுபோட்ட பலகை. வரிசையில் காத்திருக்கிற பிள்ளைகள் கையுறையைவிட இதைத்தான் உற்றுப் பார்ப்பார்கள்.

கையுறை

உண்மைக் கையுறையில் முக்கியமாக மூன்று படைகள்: வளியைப் பிடிக்கும் பை, அந்தப் பை ஊதிப்போகாமல் பிடிக்கும் துணி, வெயிலும் நுண்கற்களும் படாமல் காக்கும் மேலுறை. நமக்கும் மூன்றே.

பைக்கு, முழங்கைப் பக்கம் நீளும் தடித்த தொழிற்சாலை இறப்பர்க் கையுறை. இறப்பர்க் கையுறை ஏற்றுமதி செய்கிற நாடு நம்முடையது, நல்ல தரத்தில் கிடைக்கும். கையைவிட ஓர் அளவு பெரிதாக எடுங்கள். அதன் வாயை வளையத்தின் உள்முனைமேல் இழுத்துவிட்டு ஹோஸ் கிளிப்பால் இறுக்குங்கள். கிளிப்புக்கும் வளையத்தின் முனைக்கும் இடையில் வளையத்தைச் சுற்றி மின்வயர் ஒன்றை ஒட்டி ஒரு மேடு உண்டாக்குவது அவசியம். 110 மில்லிமீற்றர் வாயில் 10 கிலோபஸ்கால் என்றால் கையுறையைக் கூட்டுக்குள் இழுக்கும் விசை ஏறக்குறைய 10 கிலோ. மேடு இல்லையென்றால் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

இரண்டாவது படைதான் உயிர். பாடசாலைப் பை தைக்கும் இழுபடாத நைலோன் துணியில் தைக்க வேண்டும். வெள்ளவத்தையில் எனக்குத் தைத்துத் தந்த அக்கா, விரலின் மேல்பக்கத்தில் மடிப்பு வைக்கச் சொன்னதும், “தம்பி, விரலுக்கு எதுக்கு இவ்வளவு சுருக்கு? நேரா தைச்சாத்தானே வடிவா இருக்கும்?” என்று கேட்டார். நேராகத் தைத்த ஒரு விரலையும் மடிப்போடு தைத்த ஒரு விரலையும் கூட்டில் போட்டு, அவரையே உள்ளே கையை விட்டுப் பார்க்கச் சொன்னேன். நேர் விரல் குச்சிபோல நின்றது. மடிப்பு விரல் கொஞ்சம் முனகிக்கொண்டே வளைந்தது. பிறகு அவராகவே ஒவ்வொரு மூட்டுக்கும் மூன்று மடிப்பு வைத்தார், ஒவ்வொன்றும் 4 மில்லிமீற்றர். காரணம் இதுதான்: விரல் மடங்கும்போது உள்பக்கம் சுருங்கும், வெளிப்பக்கத்து மடிப்புகள் விரிந்து அந்த இடத்தை ஈடுசெய்யும். உள்ளே இருக்கும் வளியின் கனவளவு அதிகம் மாறாது. மாறாவிட்டால் நசுக்கவும் தேவையில்லை.

துணிப்படை இறப்பர்ப் பையைவிடச் சற்றுச் சிறிதாக இருக்கட்டும். பாரத்தைத் துணி ஏற்க வேண்டும், இறப்பர் வெறுமனே வளியைப் பிடித்தால் போதும். நீளவாட்டில் இழுபடாமல் இருக்க மணிக்கட்டின் இரு பக்கமும், பெருவிரல் பக்கமும் சின்னவிரல் பக்கமும், பைப்பட்டி நாடாவைத் தைத்து வளையத்தில் இரண்டாவது கிளிப்பின் கீழ் கட்டுங்கள். நாடா பக்கங்களில் இருப்பதால் கை மேலும் கீழும் வளையும்.

உள்ளங்கையை மறக்க வேண்டாம். விட்டால் அது தேங்காய்ப் பாதிபோல் புடைத்து, எதையும் பிடிக்க விடாது. விண்வெளிக் கையுறைகளில் இதற்கென்றே உள்ளங்கைக்குக் குறுக்கே ஓர் உலோகப் பட்டை உண்டு. விளிம்பு மழுக்கிய ஓர் இரும்புப் பட்டியைத் துணியில் பொதிந்து தைத்து, புறங்கைப் பக்கமாக ஒரு வெல்க்ரோ பட்டியால் இறுக்கினால் அதே பலன் கிடைக்கும்.

மேலுறை உங்கள் விருப்பம். வெள்ளைத் துணி, விரல்நுனிகளில் நீலச் சிலிக்கன். அப்போலோ கையுறையின் நுனிகள் அப்படித்தான் இருந்தன, தொட்டுணர்வு கொஞ்சமாவது வேண்டும் என்பதற்காக. வளையத்துக்கு வலக்கை என்றால் சிவப்பு, இடக்கை என்றால் நீலம்.

முதல் ஓட்டம்

முதலில் கிளீனரின் தூசிப்பையைப் புதிதாக மாற்றுங்கள். நாங்கள் மாற்றவில்லை. நடுவில் மின்சாரம் போனதும் வளி கிளீனர் வழியாகவே திரும்பிப் பாய்ந்தது, மாதக்கணக்கான வீட்டுத்தூசி முழுவதும் வெள்ளைக் கையுறைமேல் படிந்தது.

கையை விடாமல், கூட்டைத் தடித்த போர்வையால் மூடி, எல்லோரும் தள்ளி நின்று, நீர்க்குழாயின் ஹோஸையும் அளவு ஹோஸையும் கழற்றி அந்த இடங்களை அடைத்து, திருகாணித் தடையை எடுத்து, வால்வை முழுக்க மூடி ஒரே ஒரு நிமிடம் மட்டும் ஓடவிடுங்கள். கிளீனரால் செய்யக்கூடிய மிக மோசமானது அதுதான். நின்றதும் பேர்ஸ்பெக்ஸை ஓரமாகச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள், துளைகளைச் சுற்றி ஒரு கோடுகூட இருக்கக்கூடாது. பிறகு தடையையும் ஹோஸ்களையும் திரும்பப் போட்டு, 10 கிலோபஸ்காலில் கால் மணி நேரம்.

ஒழுக்குத் தேட ஊதுபத்தியைவிட நல்ல கருவி இல்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டு, புகையை மூட்டுகளின் ஓரமாக மெல்லக் கொண்டுபோங்கள். நேராக எழும் புகை ஓரிடத்தில் சட்டென்று வளைந்து உள்ளே நுழையும். அந்த இடத்தில் சிலிக்கன்.

மழை விட்ட நேரத்தில் வேகமாக வளியை இழுத்தால் கூட்டுக்குள் ஒரு கணம் மெல்லிய மூடுபனி தோன்றி மறையலாம். பயப்பட வேண்டாம். வளி விரிந்து குளிர்வதால், கொழும்பின் ஈரம் துளியாகிறது. அதையும் பார்வையாளருக்குக் காட்டி விளக்குங்கள்.

ஆட்களை விடும்போது

மோதிரம், காப்பு, மணிக்கூடு, கையில் கட்டிய நூல், எல்லாம் கழற்ற வேண்டும். கையில் காயமோ வீக்கமோ இருந்தால் வேண்டாம். எல்லோருக்கும் மெல்லிய பருத்தி உள்கையுறை கொடுங்கள். நம் வெயிலில் வியர்த்த கை இறப்பரில் ஒட்டிக்கொண்டு, வெளியே எடுக்கும்போது கையுறையின் விரல்களையும் புரட்டிக்கொண்டு வரும். விண்வெளி வீரர்களும் உள்ளே அப்படி ஒன்று போடுகிறார்கள். இறப்பர் கிழிந்தால் தோல் இழுபடும், ஆகவே ஒவ்வொரு அரை மணிக்கும் நிறுத்தி விரல் இடுக்குகளைப் பாருங்கள். மின்னிணைப்பு ட்ரிப் சுவிட்ச் உள்ள வழியால் மட்டுமே.

கை உள்ளே போன பிறகுதான் கிளீனரைப் போட வேண்டும். முதலில் சாதாரண அமுக்கத்தில், உள்ளே பலகையில் பொருத்திய 12 மில்லிமீற்றர் போல்ட்டில் நட்டை மாட்டச் சொல்லுங்கள். சில விநாடிகளில் முடித்துவிடுவார்கள். பிறகு சிவப்பு நீர் ஒரு மீற்றர் ஏறட்டும். அதே நட்டு. கீழே விழும், திரும்ப எடுப்பார்கள், மறுபடியும் விழும். ஒருவருக்கு ஒரு நிமிடம் போதும், அதற்குள்ளேயே முன்கை களைத்துவிடும். ஆறு ஏழு மணித்தியாலம் இப்படி வேலை செய்யும் வீரர்களுக்கு நகங்கள் கழன்றுவிடுவது உண்டு என்பதை இந்த நேரத்தில் சொல்லுங்கள், கேட்கிறவர் தன் விரலைப் பார்த்துக்கொள்வார்.

மாலையில் பார்வை முகத்தைக் கழற்றிவிட்டு, கையுறையின் வாய்க்குள் மேசை மின்விசிறியைத் திருப்பி ஒரு மணித்தியாலம் உலரவிடுங்கள். ஈரத்தோடு மூடினால் இரண்டே நாளில் துணியில் பூஞ்சணம் பிடிக்கும். நீண்ட நாள் எடுத்துவைப்பதென்றால் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு, வெயில் படாத, மோட்டார்கள் ஓடாத அலுமாரியில் வையுங்கள். மோட்டார்ப் பொறியிலிருந்து வரும் ஓசோன் இறப்பரை வெடிக்கச் செய்யும். அடுத்த கண்காட்சிக்கு எடுக்கும்போது இறப்பர்ப் பையை இழுத்துப் பாருங்கள். மடிப்பில் மெல்லிய வெடிப்புக் கோடு தெரிந்தால் யோசிக்காமல் புதியது மாட்டுங்கள்.